சப்போரோவா ஹிரோஷிமாவா என்று பூக்கட்டிப் பார்த்தோம்

செப்டெம்பர் கடைசியில் சிட்னியில் வெயில் முறுகத் தொடங்கும். அதே நாட்களில்தான் கடைக்காரர்கள் குளிர்காலச் சட்டைகளைக் கழிவு விலைக்குக் கொட்டுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை, வெளியே முப்பத்திரண்டு பாகை அடித்துக்கொண்டிருக்க, முழங்கால்வரை தொங்குகிற பஞ்சு வைத்த சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடிக்கு முன்னால் வேர்த்து வழிந்தபடி நின்றேன். உதவிக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் எங்கே பயணம் என்று கேட்டாள். யப்பானுக்கு, ஹிரோஷிமாவுக்கு என்றேன். அவள் முகம் மலர்ந்து, அங்கே பனி நன்றாக விழுமா, சறுக்குவதற்கு நல்ல மலைகள் இருக்கின்றனவா என்று கேட்டாள். பாடம் எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கழுத்துக்குள் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மலைகள்தான், தாராளமாகச் சறுக்கலாம் என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். உண்மையில் அப்போது எந்த ஊருக்குப் போவது என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கவில்லை. என் வாய் மட்டும் முடிவெடுத்துவிட்டிருந்தது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே டிசம்பர் என்றால் கோடை. பள்ளிக்கூடங்கள் மூடும், காடு எரியும், கடைகளில் உறைபனிப் பாட்டுப் போடுவார்கள். அந்த விடுமுறையில் வெயிலை விட்டுவிட்டுக் குளிரைத் தேடிப் போவது இங்குள்ளவர்களுக்கு ஒரு பெருமை. இப்போது சிட்னித் தமிழருக்கு யப்பான் பைத்தியம் பிடித்திருக்கிறது. கோயில் உணவகத்தில் தோசைக்கு வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் ரயில் பாஸ் பற்றிக் கதைப்பார், பின்னால் நிற்பவர் வெந்நீர்க் குளம் பற்றிக் கதைப்பார். நாற்பது வயதுவரை கொழும்புக்கு வடக்கே எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் இருந்தவர்கள், அந்த நாட்டு ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்பார்களாம் என்று கண் கலங்குவார்கள். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஆனாலும் நானும் போக ஒப்புக்கொண்டேன். காரணம் யப்பான் இல்லை. என் அண்ணா.

அண்ணாவுக்கும் எனக்கும் மூன்று வயது வித்தியாசம். நான் பத்தொன்பது வயதில் மாணவனாக சிட்னிக்கு வந்தேன். அண்ணா போர் முடிந்த பிறகு படகில் வந்தார். தடுப்பு முகாமிலிருந்து அவரை விடும்போது எந்த நகரத்துக்குப் போக விருப்பம் என்று கேட்டிருக்கிறார்கள். சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் நான் அவருக்காக ஓர் அறைக்குப் பூச்சு அடித்து, கட்டில் வாங்கிப் போட்டுக் காத்திருந்தேன். அவர் மெல்பேர்ன் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே அப்போது அவருக்கு ஓர் ஈ காக்கையைக்கூடத் தெரியாது. நோபல் பார்க்கில் போய் இருந்து, டண்டினோங்கில் உறைந்த உணவுப் பெட்டிகள் அடுக்கும் குளிர் அறையில் வேலை எடுத்து, அங்கேயே கல்யாணம் கட்டி, ஒரு பெண் பிள்ளையும் பிறந்து பதினொரு வயதாகிவிட்டது. நாங்கள் கதைப்பதில்லை என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் கதைப்போம். சுகமா, சுகம், மழையா, மழை. அவ்வளவுதான். போர்க் காலத்தில் என்ன நடந்தது, அம்மா கடைசி நாட்களில் எப்படி இருந்தார், ஒன்றும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். அப்படி முடிவு கட்டியதில் எனக்கும் அவர்மேல் கோபம் வளர்ந்திருந்தது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

போன வருடம் அண்ணாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. அண்ணிதான் என் மனைவி சுகந்திக்குத் தொலைபேசி அடித்து, இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்காவது போவோம், இந்த இரண்டு ஆம்பிளைகளும் இப்படியே வயசாகிச் சாகப்போகிறார்கள் என்று சொன்னார். அப்படித்தான் யப்பான் வந்தது. முதல் மூன்று நாள் தோக்கியோ, பிறகு நான்கு நாள் வேறொரு நகரம், பிறகு வீடு. அந்த நான்கு நாளில்தான் வில்லங்கம். அண்ணாவும் அவர் மகள் மிதுனாவும் வடக்கே சப்போரோவுக்குப் போய்ப் பனி பார்க்க வேண்டும் என்றார்கள். நான் மேற்கே ஹிரோஷிமா என்றேன். இரண்டும் நாட்டின் இரண்டு திசையில் கிடந்தன. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கிழமை சண்டை போனது. நாள் முழுக்கக் குளிர் அறையில் நிற்கிற மனிசன் விடுமுறைக்கும் குளிருக்குள் போவதா என்று நான் பகிடி எழுதினேன். அங்கே பெட்டி தூக்கத் தேவையில்லை என்று பதில் வந்தது. பிள்ளைகள் வரலாறு அறிய வேண்டாமா என்று எழுதினேன். அதற்கு அண்ணா எழுதவில்லை, நேராகத் தொலைபேசி எடுத்தார்.

“எனக்கு இடிஞ்ச கட்டடம் பார்க்க ஏலாது. நான் பார்த்தது காணும்,” என்றார். “இவ்வளவு நாளும் துரத்தத் துரத்தப் போன இடங்கள்தான். இது நானா விரும்பிப் போற முதல் இடம். நீ பார்க்காததை அங்க போய்ப் பார்க்கப் போறியோ?”

கடைசி வசனம் சுளீரென்று பட்டது. பட்டதற்குக் காரணம் அது உண்மை. சிட்னியில் போர் நினைவுக் கூட்டம் என்றால் மேடையில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் வந்தபின் விழுந்த குண்டுகளைப் பற்றி, நான் ஓடாத ஓட்டத்தைப் பற்றி, தொண்டை அடைக்கப் பேசுவேன். பேசிவிட்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அந்த ஓட்டமெல்லாம் ஓடிய மனிதர் மெல்பேர்னில் வாயைத் திறக்காமல் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஹிரோஷிமாவில், அணுகுண்டு இடித்த கட்டடம் நிற்கிற ஆற்றங்கரையில் இருவரும் நின்றால் அண்ணா வாய் திறப்பார் என்று நம்பினேன். அவர் சொன்னால் நான் கேட்பேன். அவர் சொல்லி முடித்த பிறகு நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். இருபத்தொன்பது வருடமாக என்னிடம் கிடக்கும் சங்கதி அது. பனியில் பந்து பிடித்து விளையாடும் இடத்தில் அதைச் சொல்ல முடியாது. இதுதான் என் பிடிவாதத்தின் காரணம். வரலாறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

சங்கதி இதுதான். மாமா சிட்னியிலிருந்து, ஒருவரை மட்டும் படிக்கக் கூப்பிட முடியும், யாரை அனுப்புவது என்று முடிவு செய் என்று அம்மாவுக்கு எழுதினார். அப்பா இல்லை. அண்ணாவும் நானும் இருந்தோம். இரண்டு பேருக்கும் போக ஆசை. ஒருவர் மற்றவருக்கு விட்டுக் கொடுப்பது போல நடித்துக்கொண்டு நான்கு நாள் சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்தபடி இருந்தோம். அம்மா, வைரவர் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். எங்கள் பக்கத்தில் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமிக்கு முன்னால் போட்டு, விபரமறியாத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததைப் பிரிப்பார்கள். எடுக்காததை யாரும் பிரிப்பதில்லை, அது சாமியோடு போக வேண்டும். வெள்ளை வந்தால் நான், சிவப்பு வந்தால் அண்ணா என்று பேச்சு. அன்று விடிய நான் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். அம்மா நந்தியாவட்டை மரத்தடியில் நின்று இரண்டு பூப் பறித்தார். செவ்வரத்தை நின்றது வளவின் மற்றப் பக்கம். அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. திரும்பியபோது நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாயைக் கொப்பளித்துவிட்டு முகம் கழுவினேன்.

வெள்ளைதான் வந்தது. அண்ணா என் தோளில் தட்டினார். எடுக்காத பொட்டலத்தைக் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வரச் சொல்லி அம்மா அவரிடம் கொடுத்தார். போய்ப் போட்டுவிட்டு வந்தார். அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வீட்டில் இருந்தால் தாங்க மாட்டேன், அண்ணா தாங்குவார் என்று நினைத்திருக்கலாம். வயதான காலத்தில் பக்கத்தில் இருக்க அண்ணாதான் நல்லவர் என்று நினைத்திருக்கலாம். அந்தக் கணக்கு பிழைக்கவும் இல்லை. இடம்பெயர்ந்து போன ஓரிடத்தில் அம்மா செத்தபோது கொள்ளி வைத்தவர் அண்ணா. நான் அன்று சிட்னியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நின்றேன், செய்தி வந்து சேர ஐந்து கிழமை ஆனது. அந்த வருடங்களில் அண்ணாவுக்கு நிறையக் கடிதம் எழுதினேன். கடிதத்துக்குக் கடிதம், கடவுள் காட்டிய வழி, பூவில் அப்படி விழுந்தது, நாம் என்ன செய்வது என்று எழுதினேன். அவரும் அதையே திருப்பி எழுதுவார். அவர் அப்படி எழுதும்போதெல்லாம் எனக்கு மூச்சு வரும்.

இப்போது மறுபடி செப்டெம்பருக்கு வருகிறேன். பள்ளி விடுமுறைக்கு அண்ணா குடும்பம் மெல்பேர்னிலிருந்து காரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பதின்மூன்று வருடத்தில் அண்ணா என் வீட்டுப் படி ஏறியது அது மூன்றாவது தடவை. இரவுச் சாப்பாட்டில் மறுபடியும் சப்போரோ, ஹிரோஷிமா. என் மகள் கயல், யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம், ‘ஜஸ்ட் டூ அ போல்’ என்றாள். வாக்கெடுப்பு நடத்தினால் மூன்றுக்கு மூன்று என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் அண்ணி, பாவம், பழைய கதை ஒன்றும் அறியாதவர், நாளைக்கு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குத்தானே போகிறோம், அங்கே பூக்கட்டிப் பார்ப்போம், சாமி சொல்லட்டும் என்றார். எனக்குக் கையில் பிடித்த அகப்பை நின்றுவிட்டது. அண்ணாவைப் பார்த்தேன். அவர் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஓம், கட்டுவம். தம்பியே கட்டட்டும்,” என்றார்.

வெள்ளை சப்போரோவுக்கு என்று மிதுனா அடம் பிடித்தாள், பனி வெள்ளையாம். அப்படியானால் சிவப்பு ஹிரோஷிமா. அடுத்த நாள் காலை எல்லோரும் குளித்து வெளிக்கிட்டுக்கொண்டிருக்க, நான் கத்தரிக்கோலோடு பின் வளவுக்குப் போனேன். வேலியோரம் சுகந்தி வளர்க்கிற ரோசாக்கள் பூத்திருந்தன. சிவப்பில் ஒன்று வெட்டினேன். வெள்ளைக்குப் போக நான்கு அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை. இன்னொரு சிவப்பை வெட்டினேன். இதை நான் யோசிக்காமல் செய்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். நல்ல காரியத்துக்குத்தானே, அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்கத்தானே, கேட்ட பிறகு இதையும் சொல்லிச் சிரிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குசினியில் கேக் சுடும் கடதாசியில் இரண்டு துண்டு கிழித்து, நிறம் வெளியே தெரியாமல் மடித்துச் சுற்றி, நூலால் கட்டினேன். கை நடுங்கவில்லை. அம்மாவின் கையும் நடுங்கியிருக்காது என்று நினைத்தேன்.

ஹெலன்ஸ்பர்க் போகிற வழி முழுக்க இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் காடு. காட்டுக்குள் திடீரென்று வெள்ளைக் கோபுரம் எழும்பி நிற்கும். முதல்தரம் பார்ப்பவர்கள் ஆகா என்பார்கள், எனக்கு அது எப்போதும் வழிதவறி வந்து நிற்பது போலத்தான் தெரியும். சிவன் சந்நிதிக்கு முன்னால், சனம் குறைந்த ஒரு மூலையில், பொட்டலங்களைத் தட்டில் வைத்தேன். மிதுனா கண்ணை இறுக்க மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. முகம் தொங்கிப்போய், “ஓகே, ஃபைன்,” என்றாள். அண்ணி அவள் தலையைத் தடவி, சாமி சொன்னால் சரிதான் என்றார். நான் தட்டை எடுக்கக் குனிந்தேன்.

“மற்றதையும் பிரி, பிள்ளை,” என்றார் அண்ணா.

அப்படிப் பிரிக்கிற வழக்கம் இல்லை என்று அண்ணி சொன்னார். சுகந்தியும் சொன்னாள். “பிரி,” என்றார் அண்ணா மறுபடியும், சத்தம் கூட்டாமல். மிதுனாவுக்கு வழக்கம் கிழக்கம் ஒன்றும் தெரியாது. நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். சிவப்பு ரோசா, ஓரம் கொஞ்சம் கசங்கி, அவள் உள்ளங்கையில் இருந்தது. ‘அங்கிள், யூ சீட்டட்’ என்று சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு. கயலும் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அண்ணா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்டைக்கும் ரெண்டிலயும் ஒரே பூத்தான். வெள்ளை. நான் கிணத்தடியில பிரிச்சுப் பார்த்தனான்,” என்றார். “அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தன். உனக்கும் தெரிஞ்சிருக்கு.”

இப்படிச் செய்யலாம் என்று எனக்கு எங்கிருந்து தெரிந்தது என்பதை அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் இந்த வேலையைச் செய்தவர் ஒருவர்தான். அதைப் பார்த்தவனுக்குத்தான் கை வரும். நான் மறுக்கலாம் என்று வாயெடுத்தேன், ஆனால் என் முகமே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். அண்ணா செருப்பு விட்ட இடத்துக்கு நடந்தார். அன்று யாரும் உணவகப் பக்கம் போகவில்லை. குவேக்கர்ஸ் ஹில் வந்ததும் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல், ஒன்பது மணி நேரப் பாதையில் மெல்பேர்ன் புறப்பட்டுவிட்டார். சுகந்தி என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், அந்த மனிசனின் முதல் விடுமுறையிலும் கை வைத்தீர்களே என்று மட்டும் கேட்டாள். கிழமை முடிவில் குழுவில் அண்ணா எழுதினார், நாங்கள் சப்போரோ, நீங்கள் விரும்பின இடத்துக்குப் போங்கள் என்று. அதற்குக் கீழே மிதுனா ஒரு பனி மனிதனைப் போட்டிருந்தாள்.

தோக்கியோ விடுதியை முதலே ஒன்றாகப் பதிந்திருந்தோம், மாற்ற வழியில்லை. மூன்று நாள் ஒரே மாடியில் இருந்தோம். காலைச் சாப்பாட்டுக்கு அவர்கள் யன்னலோரம், நாங்கள் வாசலோரம். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் சேர்ந்து கடைக்குப் போனார்கள். அந்த நகரத்தில் எல்லோரும் எல்லோருக்கும் குனிகிறார்கள், கடைக்காரன் மிச்சக் காசைக் கூட இரண்டு கையால் தருகிறான். எனக்கு அந்த மரியாதை அறவே பிடிக்கவில்லை. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத இரண்டு சகோதரர்களுக்கு நடுவில் நின்று ஒரு நாடே குனிந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? இரண்டாம் நாள் மத்தியானம் விடுதியின் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனேன். அண்ணா தனியே இருந்து இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை விட்டால் இல்லை என்று, நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். என்னுடைய ஆற்றங்கரையும் அடக்கமான சூழலும் கடைசியில் சவர்க்கார மணமடிக்கிற ஓர் அறையாக முடிந்தது.

அவர் திரும்பவில்லை. “நீ வந்தது பிழையெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை,” என்றார். “கடவுள் காட்டின வழி எண்டு எழுதுவாய். பங்கர் குழிக்குள்ள இருந்து வாசிப்பன். பாவம், அவனுக்குத் தெரியாது, தெரிஞ்சா தாங்கமாட்டான் எண்டுதான் நானும் அதையே திருப்பி எழுதினனான். மெல்பேர்னுக்கும் அதுக்குத்தான் போனனான். பக்கத்தில இருந்தா எண்டைக்காவது வாய் தவறிச் சொல்லிப்போடுவன் எண்டு.”

இயந்திரம் நின்றது. அவர் ஈர உடுப்புகளை எடுத்து மற்ற இயந்திரத்தில் போட்டு, பொத்தானை அமர்த்திவிட்டு என்னைத் தாண்டிப் போனார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பதின்மூன்று வருடம் நான் அவருடைய வெறுப்பு என்று நினைத்துத் திருப்பி வெறுத்துக்கொண்டிருந்தது வெறுப்பே இல்லை. இப்போது வெறுப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது, அதை நானே என் கையால் நூல் கட்டிக் கொடுத்திருந்தேன். அவர் ஏன் கோயிலில் மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார் என்று நான் பல நாள் யோசித்தேன். முதலில், என்னைப் பிடிக்கப் பொறி வைத்தார் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது மற்றப் பொட்டலத்துக்குள் வேறு பூ இருப்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டிருப்பார். அதனால்தான் கட்டும் வேலையை என்னிடம் நம்பித் தந்திருப்பார்.

நான்காம் நாள் காலை தோக்கியோ நிலையத்தில் பிரிந்தோம். வடக்கே போகும் ரயிலுக்கு ஒரு மேடை, மேற்கே போவதற்கு வேறு மேடை. பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணா கயலின் தலையில் கை வைத்தார். எனக்குத் தலையை அசைத்தார், யாரோ வழி கேட்டவனுக்கு அசைப்பது போல.

ஹிரோஷிமா நான் நினைத்த எதுவாகவும் இல்லை. ட்ராம் ஓடியது, பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடப் பையோடு போனார்கள், எங்கும் சுத்தமாக, உயிரோடு, என் வருகைக்கு ஒரு தேவையும் இல்லாமல் இருந்தது. சுகந்தியும் கயலும் குளிர் தாங்காமல் நினைவகத்துக்குள் போய்விட்டார்கள். நான் ஆற்றங்கரையில் அந்த எலும்புக்கூட்டுக் கட்டடத்துக்கு எதிரே நின்றேன். வழிகாட்டி அட்டை கழுத்தில் மாட்டிய வயதான பெண்ணொருவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், பக்கத்தில் வந்து எண்ணி எண்ணி ஆங்கிலத்தில் எந்த நாடு என்று கேட்டார். ஆஸ்திரேலியா என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு முதல் என்று கேட்டார். சிறிலங்கா என்றேன். அவர் யோசித்து, அங்கே சண்டை நடந்ததல்லவா, நீங்கள் இருந்தீர்களா என்றார். மேடைகளில் இந்தக் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் அரை மணி நேரம் போகும். அன்று அது வரவில்லை. இல்லை, என் அண்ணா என்றேன். ‘மை பிரதர்.’

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ‘ஐ ஆம் சொறி’ என்று சொல்லி, இரண்டு கையையும் தொடையோடு சேர்த்து, இடுப்பு மடிய, நீண்ட நேரம் குனிந்து நின்றார். எனக்குப் பிறகுதான் விளங்கியது, அண்ணா செத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். இல்லை, இருக்கிறார் என்று ஒரு வசனம் போதும். சிட்னியில் சட்டைக் கடைப் பெண்ணுக்குத் திருத்தம் சொல்லாத வாய் இங்கேயும் மூடிக்கொண்டது. நானும் குனிந்தேன். குனிந்து நின்றபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். செத்துப்போன அண்ணாவுக்காக அழுவது எனக்கு எவ்வளவோ சுலபம்.

நிமிர்ந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. மிதுனா ஒரு படம் அனுப்பியிருந்தாள். முழங்கால் அளவு பனியில் அண்ணா தொப்பி இல்லாமல் நிற்கிறார். கை இரண்டிலும் அள்ளிய பனி, தலைமயிரிலும் மீசையிலும் பனி, வாய் அகலத் திறந்து சிரிக்கிறார். கடைவாயில் ஒரு பல் இல்லாதது தெரிகிறது. அது எப்போது, எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அந்தப் பெண் எட்டிப் பார்த்துத் தானும் சிரித்து, நல்ல பனி, சந்தோசமான மனிதர், யார் என்று கேட்டார்.

“மெல்பேர்னில் இருக்கிற ஒருவர்,” என்றேன்.